உச்சியில் என்ன அவசரம்? - மலையேற்றக் கேள்வி பதில்

நண்பர்கள் ஐந்து பேர் ஜூன் மாத நடுவில் வாஷிங்டன் மாநிலத்தின் மவுண்ட் ஆடம்ஸ் எரிமலையில் ஏறி, ஸ்கீயில் சறுக்கி இறங்கப்போகிறோம். எவ்வளவு சீக்கிரம் கிளம்புகிறோமோ அவ்வளவு நல்லது என்கிறார்கள். நள்ளிரவிலேயே கிளம்பிவிடலாமா? - வாசகர், சியாட்டில்

கிளம்பலாம். ஆனால் காலை ஏழு மணிக்கே உச்சியில் நின்றுகொண்டு என்ன செய்வீர்கள்?

கோடைத் தொடக்கத்துப் பனி, குளிர்காலப் பனி மாதிரி கிடையாது. பகலில் உருகி இரவில் உறைந்து, மறுபடி உருகி மறுபடி உறைந்து, பரல் பரலாகத் திரண்டிருக்கும். ஸ்கீக்காரர்கள் இதை ‘கார்ன்’ என்பார்கள். விடியற்காலையில் பரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கல்லாகக் கிடக்கும். வெயில் பட்டதும் மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டும் இளகி, அடியில் கெட்டியாகவே இருக்கும். சறுக்க வேண்டிய நேரம் அதுதான். அதைத் தாண்டினால் எல்லாம் கஞ்சி. கால் கணுக்கால் வரை புதைய ஆரம்பித்துவிட்டால், ஈரப்பனி மொத்தமாகப் பெயர்ந்து சரியவும் வாய்ப்பு உண்டு.

இந்த நேரம் மலையின் எல்லாப் பக்கத்துக்கும் ஒன்றாக வராது. கிழக்குச் சரிவு முதலில் இளகும், அப்புறம் தெற்கு, கடைசியில் மேற்கு. ஆடம்ஸில் எல்லோரும் ஆசைப்படும் இறக்கம் சவுத்வெஸ்ட் சூட்ஸ். பெயரிலேயே திசை இருக்கிறது. சுமார் 4,000 அடிக்கு ஒரே சீராக விழும் சரிவு அது. தெளிவான நாளில்கூட நண்பகலை ஒட்டித்தான் அது பதத்துக்கு வரும். எட்டு மணிக்கு அதில் இறங்கினால், விழுந்த இடத்தில் நிற்க மாட்டீர்கள்.

நாங்கள் செய்வது இது. சூட்ஸ் தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில், காற்று படாத பாறை ஓரமாக உட்கார்ந்துகொள்வோம். கால் மணிக்கு ஒருமுறை யாராவது ஒருத்தி ஸ்கீயை மாட்டிக்கொண்டு பத்தடி சறுக்கிப் பார்ப்பாள். கரகரவென்று தகரத்தைச் சுரண்டுவதுபோல் சத்தம் வந்தால் அவள் திரும்பி வந்து மறுபடி பிஸ்கட் பொட்டலத்தைத் திறப்பாள். சத்தம் அடங்கி ‘ஸ்ஸ்’ என்று மட்டும் கேட்டால் எல்லோரும் எழுந்து பூட்ஸை இறுக்குவோம்.

ஆக, பாதி வழியில் லஞ்ச் கவுன்டர் என்ற சமதளத்தில் (சுமார் 9,000 அடி, பெயர்தான் அப்படி, கடை எதுவும் இல்லை) கூடாரம் போட்டுத் தங்கினால், ஐந்து ஐந்தரைக்குக் கிளம்பினால் போதும். நடை தொடங்கும் கோல்ட் ஸ்பிரிங்ஸிலிருந்து ஒரே நாளில் போய்வருவதென்றால் பின்னிரவு இரண்டு மூன்று மணி. அங்கிருந்து 12,276 அடி உச்சி வரை சுமார் 6,700 அடி ஏற வேண்டும். ஜூனில் கோல்ட் ஸ்பிரிங்ஸ் சாலையையே பனி மறித்திருக்கலாம், அப்போது நடை இன்னும் நீளும். டிரவுட் லேக் வன அலுவலகத்தில் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஏறுவதற்கான அனுமதிச் சீட்டையும் மறக்காதீர்கள்.

ஒன்று மட்டும் கறாராகச் சொல்கிறேன். முந்தின இரவு மேகம் மூடியிருந்து பனி உறையவே இல்லை என்றால், இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. மேகம் இல்லாத இரவில் பனி தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டு இறுகும். மேகம் இருந்தால் அது நடக்காது. விடியற்காலையிலேயே பூட்ஸ் புதைகிறதா? கூடாரத்துக்குத் திரும்பித் தூங்குங்கள்.

எங்கள் குழுவில் ஒருவருக்கு ஸ்கீ தெரியாது. அவரையும் கூட்டிப்போகலாமா? - வாசகி, போர்ட்லேண்ட்

தாராளமாக. உச்சிக்குச் சற்றுக் கீழே இருக்கும் பைக்கர்ஸ் பீக் என்ற முகட்டிலிருந்து லஞ்ச் கவுன்டர் வரை பனியில் உட்கார்ந்தபடியே சறுக்கி வரலாம். பலர் அமர்ந்து இறங்கிப் பள்ளமாகிப்போன தடங்களே இருக்கும். கிராம்பானை (பூட்ஸுக்கு அடியில் மாட்டும் முள் சட்டம்) கழற்றிவிட்டுத்தான் உட்கார வேண்டும். முள் பனியில் மாட்டினால் கணுக்கால் போச்சு. கையில் ஐஸ் ஆக்ஸ் (பனிக்கோடரி) வேண்டும், அதைக் குத்தி நிற்கும் பழக்கமும் வேண்டும். இதைக் கீழே, ஆபத்தில்லாத சரிவில் பழகிவிட்டு வரட்டும்.

சிக்கல் வேறு இடத்தில். நீங்கள் சூட்ஸில் இறங்கினால் அவருக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு முகடே நிற்கும். தனியாக விடாதீர்கள், ஒருவர் அவரோடு, ஏறிவந்த தெற்கு வழியிலேயே இறங்கட்டும். யார் அந்த ஒருவர் என்பதை மேலே போய்ச் சண்டை போட்டு முடிவு செய்யாமல், காரிலேயே பேசிவிடுங்கள். சூட்ஸில் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: சறுக்கும் குஷியில் ரொம்பக் கீழே போய்விடாமல், இடப்பக்கமாக வெட்டித் திரும்புங்கள். தவறவிட்டால் 2012 காட்டுத்தீயில் எரிந்த மரங்களுக்கு நடுவே ஸ்கீயைத் தோளில் சுமந்து நடக்க வேண்டியிருக்கும்.

எரிமலையாயிற்றே, வெடித்தால்? - வாசகர், ஸ்போகேன்

பக்கத்தில் செயின்ட் ஹெலன்ஸ் 1980 மே 18 அன்று வெடித்துத் தன் உச்சியையே இழந்தது, அதனால் பயம் நியாயம்தான். ஆடம்ஸ் நீண்ட காலமாகத் தூங்குகிறது. 1930களில் இதன் உச்சியில் கந்தகம்கூடத் தோண்டிப் பார்த்தார்கள். எரிமலையைக் கண்காணிக்கும் வேலையை விஞ்ஞானிகளின் கருவிகள் பார்த்துக்கொள்ளும். நீங்கள் வெயிலுக்குப் பயப்படுங்கள்.

வெயிலா? பனியிலா? - அதே வாசகர்

பனியில்தான். ஆயிரம் மீட்டர் ஏறினால் புறஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். போதாததற்குப் பனி அதைத் திருப்பி முகத்தில் அடிக்கும். கீழேயிருந்து வரும் வெயிலுக்குத் தொப்பி என்ன செய்யும்? மூக்குத் துவாரத்தின் உட்பக்கம், தாடைக்கு அடியில், காது மடலுக்குப் பின்னால் எல்லாம் சன்ஸ்கிரீன் தடவுங்கள். வாயைத் திறந்து மூச்சுவாங்கியே ஏறினால் மேலண்ணமும் வெந்துபோகும். பக்கவாட்டிலும் மறைக்கும் கறுப்புக் கண்ணாடி இல்லாதவரை ஏறவே விடாதீர்கள். கண்ணில் மணல் கொட்டியதுபோல் வலி அன்று ராத்திரிதான் தொடங்கும்.

கேட்கவே கூச்சமாக இருக்கிறது. அங்கே கழிப்பறை...? - பெயர் வேண்டாம்

மலைமேல் கிடையாது. பையில் போட்டுக் கட்டிக் கீழே கொண்டுவர வேண்டும். ஆளுக்கு இரண்டு பை வைத்துக்கொள்ளுங்கள். முதுகுப்பையின் வெளிப்பக்கம் கட்டுங்கள். விழுந்தாலும் அதன்மேல் விழாத பக்கமாக.