கொள்ளுத்தாத்தாவுக்கு எத்தனை தாரம்?

கேள்வி: என் கொள்ளுத்தாத்தாவுக்கு இரண்டு தாரம் என்று சொல்வார்கள். எங்களிடம் இருப்பது 1941-ம் வருஷத்துப் பாகப்பிரிவினைப் பத்திரம், பழைய மொய் நோட்டுகள், சில ஜாதகங்கள். இவற்றை வைத்து அந்தக் கல்யாணங்களைக் கண்டுபிடிக்க முடியுமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: முடியும். திருமணப் பதிவைத் தேடி அலையவேண்டாம். தமிழ்நாட்டில் எல்லாத் திருமணத்தையும் பதிந்தாக வேண்டும் என்பதே 2009 சட்டத்தில் வந்ததுதான்.

முதலில் பத்திரத்தை எடுங்கள். பாகம் பிரிந்தவர்களின் பெயர்களோடு 'மூத்த தாரத்து மகன்', 'இளைய தாரத்து மைனர்', அந்த மைனருக்காகக் கையெழுத்திடும் 'தாயும் கார்டியனும்' என்றெல்லாம் இருக்கும். வயதும் இருக்கும். இளைய தாரத்தின் தலைப்பிள்ளைக்கு 9 வயது என்றால், இரண்டாம் கல்யாணம் 1931-க்குள் முடிந்திருக்க வேண்டும். ஆனால் பத்திரத்து வயது பெரும்பாலும் குத்துமதிப்பு. ஜாதகத்தோடு ஒத்துப் பாருங்கள். மூத்தவர் இறந்த பிறகுதான் இளையவர் வந்தார் என்று எடுத்துக்கொள்வதும் தவறு. சென்னை மாகாணத்தில் இந்துக்களின் இருதார மணத்துக்குத் தடை வந்தது 1949-ல்தான். மூத்தவர் பெயருக்கு முன் 'காலஞ்சென்ற' இருக்கிறதா என்று பாருங்கள்.

வேறு கிரயம், செட்டில்மெண்ட் இருந்தால் அவை சார்பதிவாளர் அலுவலகத்தில் சொத்துப் பத்திரங்களைப் பதியும் 1-ம் புத்தகத்தில் இருக்கும்; கட்டணம் கட்டி யாரும் நகல் கேட்கலாம். உயில் 3-ம் புத்தகம். எழுதியவர் காலமான பிறகுதான் மற்றவர்களுக்கு நகல் தருவார்கள். நிலம் இருக்கும் ஊர் அன்று எந்த அலுவலகத்தின் எல்லைக்குள் இருந்தது என்பதை முதலில் விசாரியுங்கள். எல்லை மாறிய ஊர்களில் இன்றைய அலுவலகத்தில் தேடினால் 'வில்லங்கம் இல்லை', அதாவது பதிவு எதுவும் இல்லை என்றே வரும்.

மொய் நோட்டில் கல்யாணத்தைவிடக் காதுகுத்துப் பக்கங்களே உங்களுக்குப் பயன்படும். முதல் வரி தாய்மாமன் மொய். மாமனின் ஊர் தெரிந்தால் அந்தக் குழந்தை எந்தத் தாரத்தின் வயிற்றில் பிறந்தது என்பது தெரிந்துவிடும். அக்காள் இறந்து தங்கையைக் கட்டியிருந்தால் மட்டும் இந்த வழி உதவாது, இருவர் பிள்ளைகளுக்கும் மாமன் ஒருவரே. தேதியில் இன்னொரு சிக்கல்: 'பிரமாதி வருஷம் தை' என்றிருந்தால் அது 1939 அல்ல, 1940. வருஷம் பிறப்பது சித்திரையில் அல்லவா! 60 வருஷ வட்டத்தில் அதுவே 1880 ஆகவும் இருக்கலாம். நோட்டில் மொய் எழுதியவர்களின் வயதைக் கொண்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: எங்கள் பாட்டனாரின் திருமணம் 1915 வாக்கில் கத்தோலிக்கக் கோயிலில் நடந்தது. எங்கள் பங்கின் (கோயில் வட்டாரத்தின்) திருமணப் பதிவேட்டில் அவர் பெயர் இல்லையே?
- வாசகர், தூத்துக்குடி

பதில்: திருமணம் பெரும்பாலும் பெண்ணின் பங்கில் நடந்திருக்கும். பெண்ணின் ஊர் தெரியாவிட்டால் பாட்டனாரின் ஞானஸ்நானப் பதிவுக்குப் போங்கள். திருமணம் எங்கே, யாருடன் என்பதை அந்தப் பதிவின் ஓரத்தில் குறிக்கவேண்டும் என்பது 1908 முதல் திருச்சபை விதி; எழுத மறந்த குருக்களும் உண்டு. லத்தீனில் எழுதிய திருமணப் பதிவில் அவர் பெயருக்குப் பக்கத்தில் 'விதூவுஸ்' என்றிருந்தால் மனைவியை இழந்தவர் என்று பொருள். அப்படியானால் முதல் மனைவியின் பெயரை அடக்கப் பதிவேட்டில், அந்தத் தேதிக்கு முந்தைய பக்கங்களில் தேடுங்கள்.