46 வயதில் சைக்கிள் பழகலாமா? முதலில் பெடலைக் கழற்றுங்கள்

கேள்வி: எனக்கு 46 வயது. அறந்தாங்கிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறேன். வீட்டிலிருந்து மையத்துக்கு மூன்று கிலோமீட்டர். பஸ்ஸை நம்ப முடியாததால் பெரும்பாலும் நடைதான். சிறுவயதில் சைக்கிள் பழக வாய்க்கவில்லை. மகளுக்குப் பள்ளியில் கொடுத்த சைக்கிள் வீட்டில் சும்மா நிற்கிறது. என் கணவர் கேரியரைப் பிடித்துக்கொண்டு கற்றுக்கொடுத்துப் பார்த்தார். அவர் கையை எடுத்ததும் விழுந்துவிடுகிறேன். பேலன்ஸே வரவில்லை. இந்த வயதுக்கு மேல் வருமா? சின்னப் பிள்ளைகளுக்குப் போடுவதுபோல இரண்டு பக்கமும் சிறிய சக்கரம் மாட்டிக்கொள்ளலாமா? படி ஏறினால் இடது முழங்கால் லேசாக வலிக்கிறது. அதற்குச் சைக்கிள் ஆகுமா?

பதில்: கட்டாயம் வரும். வயது இதற்குத் தடையே இல்லை. உங்கள் மாவட்டத்திலேயே அதற்குச் சாட்சிகள் இருக்கிறார்கள். 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் பாடமாகச் சேர்த்தார். கல்குவாரியில் வேலை பார்த்தவர்கள், விவசாயக் கூலிகள், கிராம செவிலியர்கள், உங்களைப் போன்ற அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் அப்போது சைக்கிள் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல், பார் வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே பழகியவர்களும் உண்டு. குழந்தையை முன்னால் உட்கார வைக்க வசதி என்று அந்தப் பாரையே விரும்பியவர்கள்கூட இருந்தார்கள். உங்கள் துறையில் ஓய்வு பெற்றவர்களை விசாரித்துப் பாருங்கள். அப்போது பழகிய ஒருவராவது அகப்படுவார். அவரைக் கூட அழைத்துக்கொண்டு போனால் பாதி பயம் போய்விடும்.

உங்களுக்குப் பேலன்ஸ் வராததற்குக் காரணம் நீங்கள் இல்லை. கற்றுக்கொடுத்த முறைதான் சரியில்லை.

பேலன்ஸ் என்பது உடம்பை அசையாமல் வைத்திருப்பது என்று பலரும் நினைக்கிறார்கள். சக்கரம் வேகமாகச் சுழல்வதால்தான் வண்டி விழாமல் நிற்கிறது என்று நினைப்பவர்களும் உண்டு. 1970-ல் டேவிட் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் வேதியியலாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். முன்சக்கரத்தோடு இன்னொரு சக்கரத்தைப் பொருத்தி, அதை எதிர்த்திசையில் சுழலவிட்டு, சுழற்சியின் விளைவை ரத்து செய்தார். அப்போதும் அவரால் அந்தச் சைக்கிளை ஓட்ட முடிந்தது. வண்டியை நிமிர்த்தி வைப்பதில் பெரும்பங்கு ஹேண்டில்பாருக்குத்தான். வண்டி இடப்பக்கம் சாயத் தொடங்கினால் ஹேண்டில்பாரை இடப்பக்கமே சற்றுத் திருப்ப வேண்டும். உடனே சக்கரங்கள் உங்கள் உடம்புக்கு நேர் கீழே வந்து சேரும், வண்டி நிமிரும். வலப்பக்கம் சாய்ந்தால் வலப்பக்கம். நன்றாக ஓட்டுகிறவர்களும் ஒவ்வொரு நொடியும் இதைத்தான் செய்கிறார்கள், கை தானாகச் செய்வதால் அவர்களுக்கே தெரிவதில்லை.

புதிதாகப் பழகுகிறவரின் கை இதற்கு நேர்மாறாகப் போகும். இடப்பக்கம் விழப்போகிறோம் என்றதும் பயத்தில் வலப்பக்கம் வெட்டித் திருப்புவார். சக்கரம் உடம்பை விட்டு இன்னும் விலகிப் போகும், விழுகை உறுதியாகிவிடும். உங்கள் கணவர் கேரியரைப் பிடித்திருந்த நேரமெல்லாம் வண்டியை நிமிர்த்தியது அவர் கை. உங்கள் கைக்கு அந்த வேலையைப் பழக வாய்ப்பே கிடைக்கவில்லை. அதனால்தான் அவர் விட்டதும் விழுந்தீர்கள். பக்கச் சக்கரம் வேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான். அது வண்டியைச் சாயவே விடாது. சாயாத வண்டியில் எத்தனை மாதம் ஓட்டினாலும், சாய்வை ஹேண்டில்பாரால் எப்படிச் சரிசெய்வது என்று கைக்குத் தெரியாது.

இதற்குத் தீர்வு, பெடலைக் கழற்றிவிட்டுப் பழகுவது. கேட்க வினோதமாக இருக்கும். ஆனால் 1817-ல் ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் ஓட்டிக் காட்டிய முதல் இருசக்கர வண்டிக்குப் பெடலே கிடையாது. காலால் தரையை உந்தித்தான் ஓட்டினார்கள். பெடல் வந்தது 1860-களில். உங்களுக்கும் அதே வரிசை போதும்: முதலில் உந்துவது, பிறகு மிதிப்பது.

பெடலைச் சைக்கிள் கடையில் கொடுத்தால் சில நிமிடங்களில் கழற்றித் தருவார்கள். வீட்டிலேயே செய்வதானால் ஒன்றைக் கவனியுங்கள். வலது பெடலுக்கு வழக்கமான மரை, இடது பெடலுக்கு எதிர்மரை. ஸ்பானரை மேல்நோக்கி நிற்கும்படி மாட்டி, கைப்பிடியைப் பின்சக்கரத்தின் பக்கமாகத் தள்ளினால் இரண்டுமே கழலும். இது தெரியாமல் இடது பெடலை இறுக்கி இறுக்கி மரையைக் கெடுத்தவர்கள் நிறைய. கடைக்குப் போனால் பிரேக் கட்டைகளையும் பார்க்கச் சொல்லுங்கள். பல மாதம் சும்மா நின்ற வண்டியில் ரப்பர் இறுகிப்போயிருக்கும். டயரில் காற்று குறைவாக இருந்தால் வண்டி இழுக்கும், ஹேண்டில்பாரும் கனக்கும். அதையும் நிரப்பிக்கொள்ளுங்கள்.

மகளின் சைக்கிள் இதற்கு மிகவும் ஏற்றது. நடுவில் பார் இல்லாததால் ஏறி இறங்குவது எளிது. சீட்டை முடிந்த அளவுக்குக் கீழே இறக்குங்கள். உட்கார்ந்த நிலையில் இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிய வேண்டும். நுனிக்கால் மட்டும் தொட்டால் போதாது. எந்த நேரமும் காலை ஊன்றிவிடலாம் என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டால் தோள்பட்டையின் இறுக்கம் தானாகக் குறையும். தோள் இறுகியிருந்தால் ஹேண்டில்பார் திரும்பாது.

இடத்தைப் பொறுத்தவரை என் முதல் தேர்வு நெல் காயவைக்கும் சிமென்ட் களம். கெட்டியான தரை, வண்டி நடமாட்டம் இல்லை, ஓரத்தில் லேசான சரிவும் இருக்கும். பள்ளி மைதானமும் ஆகும். மணலும் புல்லும் வேண்டாம். விழுந்தால் அடிபடாது என்று அவற்றைத் தேடிப் போகிறார்கள், ஆனால் சக்கரம் உருள மறுப்பதால் இரண்டு மடங்கு சிரமம். யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற தயக்கம் இருந்தால் விடியற்காலையில் போங்கள். கூடவே இன்னொரு பெண்ணும் பழகினால் மிகவும் நல்லது. ஒருவர் ஓட்டும்போது மற்றவருக்கு ஓய்வும் கிடைக்கும்.

சுடிதார் போட்டுக்கொண்டு, துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொள்ளுங்கள். செருப்பு வழுக்கும், பின்பட்டை உள்ள செருப்போ ஷூவோ வேண்டும். ஹெல்மெட் கட்டாயம்.

இனிப் பழகும் முறை. முதலில் ஏறாதீர்கள். வண்டியைப் பக்கத்தில் தள்ளிக்கொண்டு நடந்து, இரண்டு பிரேக்கையும் ஒருசேர மெதுவாக அழுத்தி நிறுத்திப் பாருங்கள். எந்தக் கைப்பிடி எந்தச் சக்கரத்துக்கு என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். நம் சைக்கிள்களில் பெரும்பாலும் வலக்கை முன்சக்கரத்துக்கு. அதை மட்டும் தனியாகச் சட்டென்று அழுத்தும் பழக்கம் வரவே கூடாது.

பிறகு சீட்டில் உட்கார்ந்து, அப்படியே நடங்கள். உடம்பின் முழு எடையும் சீட்டில் இருக்கட்டும், கால் நடக்க மட்டும். ஒரு சுற்று போனதும் இரண்டு காலாலும் ஒன்றாகத் தரையை உந்தி, இரண்டு பாதத்தையும் ஒரு விரற்கடை தூக்குங்கள். வண்டி கொஞ்ச தூரம் தானாக உருளும். சாய்ந்தால் ஊன்றிக்கொள்ளுங்கள். மறுபடி உந்துங்கள். இதுதான் பாடத்தின் உயிர். இங்கே அவசரப்படாதீர்கள். ஒவ்வொரு முறை உருளும்போதும் வண்டி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஹேண்டில்பாரை மெல்லத் திருப்பிப் பாருங்கள். கணவரும் கூட வரட்டும், ஆனால் வண்டியைப் பிடிக்கவே வேண்டாம். மிகவும் பயமாக இருந்தால் உங்கள் தோளில் கை வைத்துக்கொண்டு கூட நடக்கலாம்.

பார்வை முன்சக்கரத்தில் போகும். எல்லோருக்கும் போகும். களத்தின் எதிர்ப்பக்கத்தில் ஒரு மரத்தையோ தூணையோ வைத்துக்கொண்டு அதைப் பார்த்தே உருளுங்கள். கண் கீழே இருந்தால், சாய்வது மூளைக்குத் தெரிவதற்குள் நேரம் கடந்துவிடும். பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே போனால் வண்டி பள்ளத்துக்கே போகும் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். போக வேண்டிய இடத்தைப் பாருங்கள்.

மிக மெதுவாகப் போனால் பாதுகாப்பு என்று தோன்றும். சைக்கிளில் அது உண்மையல்ல. நடை வேகத்துக்குக் கீழே போனால் சிறு சாய்வைச் சரிசெய்யவும் ஹேண்டில்பாரை அதிகமாகத் திருப்ப வேண்டியிருக்கும். கொஞ்சம் வேகம் கூடினால் மிகச் சிறிய அசைவே போதும். அதனால் உந்துவதைத் தைரியமாக உந்துங்கள், களத்துச் சரிவில் மேலிருந்து கீழே உருளுங்கள்.

காலைத் தூக்கியபடி மனத்துக்குள் பத்து எண்ணும்வரை உருள முடிந்து, இடமும் வலமுமாக மெதுவாக வளைக்கவும் முடிந்தால் பெடலை மாட்டலாம். சிலருக்கு இது முதல் நாளே வரும். சிலருக்கு இரண்டு வாரம் ஆகும். ஒரு தடவைக்கு அரை மணி நேரம் போதும். களைத்த உடம்பு கற்றுக்கொள்ளாது, விழத்தான் செய்யும்.

பெடல் மாட்டிய பிறகு சிக்கல் ஒன்றே ஒன்றுதான், கிளம்புவது. இடக்காலைத் தரையில் ஊன்றி, பிரேக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். வலது பெடலை மேலே கொண்டுவந்து, உச்சியைத் தாண்டிச் சற்று முன்னால் நிறுத்துங்கள். பார்வையைத் தூரத்தில் வைத்து, பிரேக்கை விட்டு, வலக்காலால் அழுத்தமாக ஒரே மிதி. அந்த ஒரு மிதியில் வண்டி உருளத் தொடங்கிவிடும், உருளும் வண்டியை நிமிர்த்தி வைக்க உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். இடக்கால் நிதானமாக வந்து மற்றப் பெடலைத் தேடிக்கொள்ளும், குனிந்து பார்க்க வேண்டாம். பயந்து பயந்து அரை மிதி மிதித்தால்தான் தள்ளாடும். ஒரு காலைப் பெடலில் வைத்து, மற்றக் காலால் உந்தி உந்தி ஓடித் தாவி ஏறும் பழைய முறையை இப்போது முயல வேண்டாம். அது பார்க்க அழகு, ஆனால் கற்றுக்கொள்ளக் கடினம், அவசியமும் இல்லை.

உங்கள் முழங்காலைப் பற்றி. சைக்கிளில் உடல் எடையின் பெரும்பகுதியைச் சீட் தாங்குவதால் மூட்டுக்கு நடையைவிடச் சுமை குறைவு. ஆனால் சீட் தாழ்வாக இருந்தால் முழங்கால் அளவுக்கு மீறி மடங்கி, முன்பக்கத்தில் வலி எடுக்கும். பழகுவதற்காக இறக்கிய சீட்டை அப்படியே விட்டுவிட்டு வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன், வேதனையாக இருக்கிறது. கிளம்பவும் நிறுத்தவும் வந்துவிட்டால் சீட்டைச் சிறிது சிறிதாக உயர்த்துங்கள். சரியான உயரத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது அதன்மேல் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்காலில் லேசான மடிப்பு இருக்கும், அதுவே சரி. இந்த உயரத்தில் நிற்கும்போது நுனிக்கால்தான் தரையைத் தொடும். அதற்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகுங்கள். தலைச்சுற்றல், எலும்புத் தேய்மானம், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, இவற்றில் ஏதாவது இருந்தால் தொடங்கும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். முழங்காலில் வீக்கம் இருந்தாலும் அப்படியே.

களத்தில் ஓடத் தெரிந்ததும் நேராகப் பஸ் போகும் சாலைக்குப் போய்விடாதீர்கள். ஒரு கையை எடுத்துச் சைகை காட்டவும், தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கவும், அப்போது வண்டி விலகாமல் போகவும் வர வேண்டும். அதுவரை ஊர்த் தெருக்கள்தான். மையத்துக்குப் போகும் வழியை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போக்குவரத்து இல்லாத நேரத்தில் ஓட்டிப் பாருங்கள்.

சாலையில் இடப்பக்கம் போகும்போது தாரின் விளிம்பை ஒட்டிப் போகாதீர்கள். விளிம்பிலிருந்து சக்கரம் மண்ணில் இறங்கிவிட்டால், அதே வேகத்தில் சாய்வாக ஏற முயலும்போது முன்சக்கரம் உரசிக் கவிழ்த்துவிடும். கிராமச் சாலைகளில் நான் பார்த்த விழுகைகளில் பல இப்படித்தான். இறங்கிவிட்டால் மண்ணிலேயே நின்று, வண்டியைத் தூக்கி வைத்து மறுபடி கிளம்புங்கள். விளிம்பிலிருந்து ஒரு கை நீளம் உள்ளே ஓட்டினால் இந்தத் தொல்லையே வராது. வலப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு கடப்பதில் எந்தக் குறைவும் இல்லை.

வேலைக்குப் புடவைதான் என்றால் பின்சக்கரத்துக்குப் புடவை கார்டும், செயினுக்கு முழு மூடியும் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் கடையில் மாட்டச் சொல்லுங்கள். முந்தானையைச் செருகிக்கொள்ளுங்கள். சாப்பாட்டுப் பையை ஹேண்டில்பாரில் தொங்கவிட வேண்டாம். அது ஆடும்போது ஹேண்டில்பாரும் ஆடும். பை, பதிவேடுகள் எல்லாவற்றையும் பின்கேரியரில் ரப்பர் கயிற்றால் கட்டுங்கள். முன்கூடையில் இலேசான பொருள் மட்டும். மாலையில் இருட்டிய பிறகு திரும்ப நேரும் நாட்களுக்கு முன்னால் ஒரு விளக்கும், பின்மட்கார்டில் சிவப்பு எதிரொளிப்பானும் போட்டுவிடுங்கள்.