சும்மா இருந்தால் கட்டாகும் இணையம்: பிங் ஓடவிட்டது குற்றமா?

கேள்வி: கரூரில் வீட்டிலிருந்தபடியே சென்னை ஆடிட்டர் ஒருவரின் அலுவலகத்துக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். அவர்கள் கம்ப்யூட்டருக்குள் இங்கிருந்தே நுழைந்து டேலியில் பதிவு போடுவதுதான் வேலை. எங்கள் ஏரியா கேபிள்காரர் மூலமாக ஒரு நிறுவனத்தின் பிராட்பேண்ட் வாங்கியிருக்கிறேன். ரவுட்டர் கிடையாது. வயரைக் கம்ப்யூட்டரில் நேரடியாகச் சொருகி, பெயர், பாஸ்வேர்ட் அடித்து கனெக்ட் கொடுக்க வேண்டும். பில்களைச் சரிபார்த்துக்கொண்டு பத்துப் பதினைந்து நிமிடம் எதையும் தொடாமல் இருந்தால் நெட் கட்டாகிவிடுகிறது. கேபிள்காரரிடம் வேலை செய்யும் பையன், "கருப்புத் திரையில் பிங் ஓடவிட்டுக்கோங்க அக்கா, கட்டாகாது" என்றான். அப்படியே செய்தேன், கட்டாகவில்லை. கொஞ்ச நாளில் நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. நான் செயற்கையாக டிராஃபிக் உண்டாக்குகிறேனாம், அது விதிமீறலாம், தொடர்ந்தால் இணைப்பை ரத்து செய்து சட்ட நடவடிக்கை எடுப்பார்களாம். பயந்து நிறுத்திவிட்டேன், பழையபடி கட்டாகிறது. ஜிஎஸ்டி கடைசி நாளில் இரண்டு முறை வேலை பாதியில் நின்றதால் ஆடிட்டர் என் வேலையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். நான் செய்தது குற்றமா? நஷ்டஈடு கேட்க முடியுமா?

பதில்: சகோதரி, முதலில் பயத்தை விடுங்கள். நீங்கள் செய்தது குற்றம் இல்லை. நஷ்டஈடு விஷயம் அவ்வளவு எளிதல்ல. கேட்க முடியும், ஆனால் இணைப்பை அறுத்தது யார் என்பதற்கு ஆதாரம் வேண்டும். அந்த ஆதாரத்தில் ஒரு பகுதி உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது.

அவர்கள் மிரட்டுவது பெரும்பாலும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ஐ மனத்தில் வைத்துத்தான் இருக்கும். அதன் 43-வது பிரிவு, உரிமையாளரின் அனுமதியில்லாமல் ஒரு கம்ப்யூட்டரையோ நெட்வொர்க்கையோ சீர்குலைப்பதையும் மற்றவர்கள் அதைப் பயன்படுத்த முடியாமல் தடுப்பதையும் பற்றிப் பேசுகிறது. அதையே நேர்மையற்ற முறையிலோ மோசடியாகவோ செய்தால் 66-வது பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பணம் கட்டி வாங்கிய இணைப்பில், உங்கள் பெயரையும் பாஸ்வேர்டையும் போட்டு நுழைந்து, இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று கேட்கும் சிறு தகவல் பொட்டலங்களை அனுப்பினீர்கள், பிங் என்பது அதுதான். இதில் சீர்குலைவும் இல்லை, மோசடியும் இல்லை.

அளவையும் பாருங்கள். விண்டோஸில் ஒரு பிங், அதன் முன்னால் ஒட்டும் முகவரி விவரங்களோடு சேர்த்து 60 பைட். விடாமல் ஓடவிட்டால் நொடிக்கு ஒன்று போகும், பதில் ஒன்று வரும். எட்டு மணி நேர வேலைக்குக் கணக்குப் போட்டால் 28,800 பிங், போக வர சேர்த்து மூன்றரை எம்.பி. கூட வராது. வாட்ஸ்அப்பில் ஒரு சின்ன வீடியோ பார்த்தாலே அதைவிடக் கூடுதல். இந்தக் கணக்கைப் பதில் கடிதத்தில் அப்படியே எழுதுங்கள். இனி நிமிடத்துக்கு ஒன்று அனுப்பினாலே போதும். அதையும் வேறு யாருடைய சர்வருக்கும் அனுப்பாமல், நிறுவனத்தின் சொந்த கேட்வே (உங்களை இணையத்தோடு சேர்க்கும் அவர்களுடைய கருவி) முகவரிக்கே அனுப்புங்கள். வங்கி, அரசு இணையதளங்களை நோக்கி ஒருபோதும் ஓடவிடாதீர்கள்.

ஒப்பந்த விதி என்பது வேறு. இணைப்பைத் தானியங்கி முறையில் பிடித்து வைத்திருக்கக் கூடாது என்று டயல்-அப் காலத்தில் பல நிறுவனங்கள் விதி வைத்திருந்தன. இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையம் கொடுக்கத் தொடங்கியபோது, இணைப்பு என்பது டெலிபோன் அழைப்புதான். ஒருவர் சும்மா பிடித்து வைத்திருந்தால் ஒரு லைனும் நிறுவனத்தின் பக்கம் ஒரு மோடமும் முடங்கும், அடுத்தவருக்கு என்கேஜ்ட் டோன்தான் கேட்கும். அன்றைக்கு அந்த விதியில் நியாயம் இருந்தது. இன்று உங்கள் வீட்டுக்கு வரும் வயர் உங்களுக்கு மட்டுமே. நீங்கள் பிடித்து வைத்திருப்பதால் யாருடைய லைனும் முடங்குவதில்லை. அதனால், "எந்த விதியை, எந்தப் பத்தியை மீறினேன்? நான் ஒப்புக்கொண்ட ஒப்பந்தத்தின் நகலை அனுப்புங்கள்" என்று மின்னஞ்சலில் கேளுங்கள். அப்படி ஒரு பத்தி இருந்தே விட்டாலும் அது சிவில் விவகாரம். போலீஸுக்கு அதில் வேலை இல்லை.

இப்போது ஆதாரத்துக்கு வருவோம். வழக்கு போடுவதற்கு முன் நீங்களே ஒன்றைப் பார்த்துவிட வேண்டும். நீங்கள் கனெக்ட் கொடுக்கும் அந்த பிராட்பேண்ட் கனெக்ஷனின் ப்ராபர்ட்டீஸில், ஆப்ஷன்ஸ் பக்கத்தில், எவ்வளவு நேரம் சும்மா இருந்தால் துண்டிக்க வேண்டும் என்று ஓர் அமைப்பு இருக்கும். டயல்-அப் காலத்திலிருந்தே விண்டோஸில் தொடர்ந்து வருவது அது. அங்கே 'நெவர்' என்று இருக்க வேண்டும். 10 நிமிடம் என்றோ 20 நிமிடம் என்றோ இருந்தால், இணைப்பை அறுத்தது உங்கள் கம்ப்யூட்டர்தான், நிறுவனம் இல்லை. அதைப் பார்க்காமல் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால், முதல் வாய்தாவிலேயே எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் கேட்பார்.

அது சரியாக இருந்தால், கம்ப்யூட்டரில் நடந்ததையெல்லாம் பதிந்து வைக்கும் விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறந்து, அப்ளிகேஷன் பதிவுகளில் ராஸ்கிளையன்ட் (RasClient) என்ற பெயரில் 20226 எண்ணுள்ள பதிவுகளைத் தேடுங்கள். ஒவ்வொரு முறை இணைப்பு அறும்போதும் தேதி, நேரத்தோடு ஒரு பதிவு விழுந்திருக்கும். அதன் கடைசியில் ஒரு காரண எண் இருக்கும். 828 என்றால் சும்மா இருந்ததால் துண்டிக்கப்பட்டது, அதாவது உங்கள் பக்கத்து அமைப்பு. 631 என்றால் நீங்களே துண்டித்தது. 629 என்றால் எதிர்முனைக் கம்ப்யூட்டர் மூடியது. 829 என்றால் லைன் தொடர்பு அறுந்தது. 629-ம் 829-ம் வரிசையாக இருந்தால் உங்கள் வழக்குக்கு உயிர் வந்துவிட்டது. திரையைப் படம் எடுத்தால் மட்டும் போதாது, அந்தப் பதிவுகளை ஃபைலாகவும் சேமித்து வையுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-வது பிரிவு, மின்னணு ஆவணத்தோடு சான்றிதழ் கேட்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுச் சான்றிதழின் இடத்தில் வந்தது இது. நுகர்வோர் ஆணையம் சாட்சியச் சட்டத்தை எழுத்துக்கு எழுத்து பார்ப்பதில்லை என்றாலும், அதையும் இணைத்துவிடுங்கள்.

மீதி ஆதாரம் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. ஒவ்வொரு வாடிக்கையாளரும் எப்போது நுழைந்தார், எப்போது வெளியேறினார் என்ற பதிவை இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது அவர்களுடைய உரிம நிபந்தனை. அவர்களுடைய சர்வர் கணக்கில், இணைப்பு முடிந்த காரணத்தையும் குறித்து வைக்க இடம் உண்டு: வாடிக்கையாளரே வெளியேறினாரா, சும்மா இருந்ததால் துண்டித்தோமா, லைன் போனதா என்று. "இந்தத் தேதிகளுக்கான பதிவை அழிக்காமல் வைத்திருங்கள்" என்று இப்போதே எழுதிக் கேளுங்கள். பிறகு ஆணையத்தில் அதைத் தாக்கல் செய்ய உத்தரவிடும்படி மனு போடலாம். ஆவணங்களை வரவழைக்க ஆணையத்துக்கு சிவில் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு.

எங்கே போவது? முதலில் நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிந்து டாக்கெட் எண் (புகார் எண்) வாங்குங்கள். கேபிள்காரரிடம் வாய்வார்த்தையாகச் சொன்னதெல்லாம் புகாராகாது. தீர்வு சரியில்லை என்றால், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012 விதிமுறைகளின்படி அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாளுக்குள் போகலாம். கட்டணம் இல்லை, 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது. அப்புறம் கரூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்கு போடலாம். கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட்டாக வேண்டும்.

"டெலிகாம் விவகாரம் நுகர்வோர் ஆணையத்துக்கு வராது" என்று 2009-ல் வந்த ஓர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை இன்னமும் நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 2022 பிப்ரவரி 16 அன்று வோடஃபோன் ஐடியா எதிர் அஜய் குமார் அகர்வால் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதற்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. 2019 நுகர்வோர் சட்டமோ, சேவை என்பதன் விளக்கத்திலேயே டெலிகாமைப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது.

உங்கள் வழக்கில் உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. "இவர் இணையத்தை வியாபாரத்துக்குப் பயன்படுத்தினார், நுகர்வோரே இல்லை" என்பார்கள். சுயதொழிலால் பிழைப்பு நடத்துகிறவருக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனால் பழைய 1986 சட்டத்தில் 'பொருள்', 'சேவை' என்று இரண்டும் இருந்த இடத்தில், 2019 சட்டம் 'பொருள்' என்று மட்டும் சொல்கிறது. இணையம் சேவை என்பதால் அந்த விலக்கு உங்களுக்கு இல்லை என்று இதைப் பிடித்துக்கொண்டு வாதாடுவார்கள். லட்சுமி இன்ஜினியரிங் எதிர் பி.எஸ்.ஜி. இன்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் வழக்கில் 1995-லேயே உச்ச நீதிமன்றம், வணிக நோக்கமா இல்லையா என்பதை ஒவ்வொரு வழக்கின் உண்மைகளை வைத்தே பார்க்க வேண்டும் என்றது. நீங்கள் ஆள் வைக்கவில்லை, கடை போடவில்லை, வீட்டு உபயோகத் திட்டம்தான் வாங்கியிருக்கிறீர்கள், குடும்பமும் அதே இணைப்பைப் பயன்படுத்துகிறது என்றால் அதையெல்லாம் மனுவின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

பணம் உங்கள் கையிலிருந்து கேபிள்காரருக்குத்தான் போகிறது என்று தெரிகிறது. உங்கள் பெயரில் ரசீது இருக்கிறதா? இல்லையென்றால் இந்த மாதத்திலிருந்தாவது நிறுவனத்தின் பில்லைக் கேட்டு வாங்குங்கள். இதுவரை கூகுள் பேயில் அனுப்பியது, கனெக்ட் கொடுக்கும் பெயர், நிறுவனம் உங்களுக்கு அனுப்பிய அந்த மிரட்டல் மின்னஞ்சல் எல்லாமே நீங்கள் வாடிக்கையாளர் என்பதற்குச் சான்று. அந்த மின்னஞ்சலை அழித்துவிடாதீர்கள். வழக்கில் நிறுவனம், கேபிள்காரர் இருவரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள்.

'இடையறாத இணைப்பு', '24 மணி நேரமும்' என்று விளம்பரத்திலோ நோட்டீஸிலோ போட்டிருந்தால் அது பெரிய பலம். 2004 பிராட்பேண்ட் கொள்கை, பிராட்பேண்ட் என்றாலே எப்போதும் இணைப்பில் இருப்பது என்றுதான் விளக்கம் தந்தது. 2013-லும் 2023-லும் வந்த விளக்கங்கள் வேகத்தையே முதன்மையாகப் பேசுகின்றன, குறைந்தபட்சம் நொடிக்கு 2 மெகாபிட் என்பது இப்போதைய அளவு. எனவே 2004 வரியை மட்டும் நம்பி நிற்காதீர்கள், நிறுவனம் தன் வாயால் என்ன வாக்குக் கொடுத்தது என்பதை முன்னால் வையுங்கள்.

எவ்வளவு கிடைக்கும்? சேவை சரியில்லாத மாதங்களின் கட்டணம், மன உளைச்சலுக்கு ஒரு தொகை, வழக்குச் செலவு இவற்றைத் தைரியமாகக் கேட்கலாம். ஆடிட்டர் வேலை போன இழப்பு கிடைப்பது கடினம். ஒப்பந்தச் சட்டம் 73-வது பிரிவின்படி, நேரடியாக விளைந்த நஷ்டமாகவோ, இப்படி ஆகும் என்று ஒப்பந்தம் போடும்போதே இரு தரப்புக்கும் தெரிந்ததாகவோ இருக்க வேண்டும். இணைப்பு வாங்கும்போது "இதை நம்பித்தான் என் வேலை" என்று நீங்கள் எழுதிக் கொடுத்திருக்க மாட்டீர்கள். இணைப்புத் தடைக்குப் பொறுப்பில்லை என்ற வரியும் ஒப்பந்தத்தில் நிச்சயம் இருக்கும். பாரதி நிட்டிங் கம்பெனி வழக்கில் 1996-ல், கையெழுத்திட்டு ஏற்ற பொறுப்பு வரம்பைத் தாண்டி கூரியர் நிறுவனத்திடம் நஷ்டஈடு கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த வரியே அநியாயம் என்று தாக்கினால் அது நியாயமற்ற ஒப்பந்தம் என்ற தலைப்பில் மாநில ஆணையத்துக்குப் போய்விடும். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம், சேவைக் குறைபாடு என்ற ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஆடிட்டரிடமிருந்து, எந்தத் தேதியில் வேலை நின்றது, எதற்காக மாற்றினார் என்று ஒரு கடிதம் வாங்க முடிந்தால் அந்த இழப்பையும் சேர்த்துக் கேட்டுப் பார்க்கலாம்.

இன்றே நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்: துண்டான தேதிகள், காரண எண்கள், பிங் கணக்கு, பதிவைப் பாதுகாக்கும் கோரிக்கை, உங்கள் வேலை இந்த இணைப்பை நம்பியிருக்கிறது என்ற அறிவிப்பு. தங்கள் சர்வரில் சும்மா இருக்கும் நேர வரம்பை நீக்க அவர்களுக்கு 15 நாள் கொடுங்கள். அந்தக் கெடு முடியும்வரை நிமிடத்துக்கு ஒரு பிங் ஓடட்டும். பதில் வரவில்லை என்றால் எல்லா நகல்களோடும் உங்கள் ஊர் வக்கீல் ஒருவரைப் பாருங்கள். மனுவை நீங்களே எழுதி ஆணையத்தில் நேரடியாக வாதாடவும் சட்டம் இடம் தருகிறது.