கவாய் இருந்தது ஒரு வருடம்தான்; லாபம் யாருக்கு?

கேள்வி: 2018இல் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணிக்கு டெமார் டெரோசனைக் கொடுத்து கவாய் லெனர்டை வாங்கியதில் ரொறன்ரோ ராப்டர்ஸ் கூடைப்பந்து அணிக்கு நட்டம் என்கிறார் அத்தான். ஒன்பது வருடம் உழைத்தவரை அனுப்பினோம், வந்தவர் ஒரே வருடத்தில் லாஸ் ஏஞ்சலஸுக்குப் போய்விட்டார், கையில் என்ன மிஞ்சியது என்று கேட்கிறார். 2019இல் லெனர்டோடு வென்ற என்பிஏ கிண்ணம் போதாதா என்கிறேன் நான். எந்த அணிக்கு அதிக லாபம்?
- வாசகர், ஸ்கார்பரோ

பதில்: தம்பி, லாபம் ரொறன்ரோவுக்குத்தான். ஆனால் கிண்ணத்தை மட்டும் காட்டி அத்தானை மடக்க முடியாது. கொடுத்த விலையைக் காட்டுங்கள்.

டெரோசனோடு போனது இளம் சென்டர் யாக்கோப் பெர்ட்டிலும் 2019இன் ட்ராஃப்டில், அதாவது அணிகள் புதிய வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், முதல் சுற்று உரிமை ஒன்றும். அந்த உரிமையும், ராப்டர்ஸ் சறுக்கி (மோசமாக ஆடிய அணிகளுக்கே முன் இடம்) முதல் 20 இடங்களுக்குள் தேர்வு கிடைத்தால் கொடுக்கத் தேவையில்லை என்ற நிபந்தனையோடு. சியாக்கம், அனுனோபி, வான்வ்லீட் என்ற இளம் வீரர்கள் மூவரும் வீட்டிலேயே இருந்தார்கள். லெனர்டோடு டேனி கிரீனும் வந்து சேர்ந்தார்.

இவ்வளவு மலிவாகக் கிடைத்ததற்குக் காரணம் உண்டு. தொடைக் காயத்தால் லெனர்ட் அதற்கு முந்தைய பருவத்தில் ஆடியது 9 ஆட்டங்கள்தான். சான் அன்டோனியோவை விட்டுப் போகவேண்டும் என்று நின்றார். அடுத்த வருடமே ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளவும் அவரால் முடியும். ஸ்பர்ஸோ தொடர்ந்து வெல்ல வேண்டும் என்று, உடனே ஆடத் தயாரான நட்சத்திரத்தை விரும்பியது. அங்கேதான் சறுக்கியது என்பேன். முதல் வருடம் 48 வெற்றி, கிண்ணத்துக்கான பிளேஆஃப் சுற்றுகளில் முதலாவதிலேயே டென்வரிடம் தோல்வி. 2020இல், 22 பருவங்கள் அறாமல் வந்த பிளேஆஃப் வரிசையும் அறுந்தது.

ரொறன்ரோவின் நிலையையும் நினைத்துப் பாருங்கள். மூன்று வருடம் தொடர்ந்து பிளேஆஃபில் கிளீவ்லண்டிடம் தோற்று வெளியேறிய அணி அது. 2018இல் 59 ஆட்டம் வென்றும், கிளீவ்லண்டிடம் நான்குக்கு நான்கும் தோற்றது. அந்த அணியை அப்படியே வைத்திருந்து இன்னொரு வருடம் பார்ப்பதில் என்ன பயன்? 2019இல் பிலடெல்பியாவுக்கு எதிரான பிளேஆஃப் தொடரின் ஏழாவது, தீர்மானிக்கும் ஆட்டத்தில், கடைசி நொடியில் லெனர்ட் எறிந்த பந்து வளையத்தில் நான்கு முறை துள்ளி உள்ளே விழுந்தது. இப்போது நினைத்தாலும் எனக்கு மூச்சு நிற்கும். அது வெளியே விழுந்திருந்தாலும் என் பதில் மாறாது. லெனர்ட் போன பிறகு, 2019-20இல் ராப்டர்ஸ் 72 ஆட்டங்களில் 53ஐ வென்றது. 'கையில் என்ன மிஞ்சியது' என்ற கேள்விக்கு அதுதான் பதில்.

ஒரு விஷயத்தில் அத்தான் பக்கம் நியாயம் இருக்கிறது. தன்னை அனுப்பமாட்டார்கள் என்று டெரோசன் நம்பியிருந்தார். பேச்சில் நேர்ந்த பிசகுக்கு அப்போதைய ராப்டர்ஸ் தலைவர் மசாய் உஜிரியே வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அந்த மனவருத்தத்தை எந்த வெற்றியாலும் கழிக்க முடியாது. அதனால் அத்தான் டெரோசன் பெயரை எடுத்தால் உடனே கிண்ணத்தைக் காட்டாதீர்கள். அந்த ஒன்பது வருடத்தில் அவருக்கு மறக்க முடியாத ஆட்டம் எது என்று கேளுங்கள், முழுவதையும் சொல்ல விடுங்கள்.