கேள்வி – பதில்: மலைப்பாதையில் ஓடிப் பழகலாமா?

கேள்வி: எனக்கு வயது 38. நாள்தோறும் அதிகாலையில் 5 கிலோமீட்டர் நிற்காமல் ஓடுகிறேன். அரை மாரத்தான் ஓட ஆசை. ஞாயிறுதோறும் ஏற்காடு மலைப்பாதையில் ஓடினால் விரைவில் தயாராகலாம் என்கிறார் நண்பர். சரிதானா?
– வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்.

பதில்: ஓடலாம், ஆனால் இப்போது வேண்டாம். அரை மாரத்தானின் தூரம் 21.0975 கிலோமீட்டர். தங்கள் நிலையிலிருந்து அதை எட்ட நான்கு மாதங்களாவது ஒதுக்குங்கள். நாள்தோறும் ஓடுவதை விட்டு வாரத்துக்கு நான்கு நாள் ஓடினால் போதும். அவற்றுள் ஒரு நாள் மட்டும் நீண்ட ஓட்டமாக இருக்கட்டும். அதை வாரம் ஒரு கிலோமீட்டர் அளவுக்குக் கூட்டி, நான்காவது வாரத்தில் சற்றுக் குறையுங்கள். உடன் ஓடுபவரோடு பேச முடிகிற வேகமே சரியான வேகம்.

20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்தப் பாதையில் ஏறுவது கடினம் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் பழகாத கால்களை அதிகம் வருத்துவது இறக்கம்தான். உடலின் வேகத்தைத் தடுத்து நிறுத்த முன்தொடைத் தசைகள் நீண்டபடியே இறுகி வேலை செய்வதால் அவற்றில் நுண்ணிய சிதைவுகள் ஏற்பட்டு, மறுநாளைவிட அதற்கடுத்த நாளில் வலி கூடுதலாகத் தெரியும். (நண்பர் இறங்கும்போது பேருந்தில் வருகிறாரா என்று கேட்டுப் பாருங்கள்.) இரண்டு மாதங்கள் சமதளத்தில் ஓடிய பிறகு, அடிவாரத்தில் சிறிது தூரம் மட்டும் ஏறி, நடந்தே இறங்குங்கள். வளைவுகளில் எதிரே வரும் வாகனம் தெரியாது என்பதால் காதில் பாட்டு வேண்டாம்.

சேலத்துக் கோடையில் ஆறு மணிக்குள் ஓட்டத்தை முடித்துவிட்டு, உப்பிட்ட நீர்மோர் அருந்துங்கள். ஓடும்போது நெஞ்சுவலியோ தலைசுற்றலோ வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.