விக்டோரியா காலத் தொடர் கொலையாளி பற்றிக் குறைந்த பட்ஜெட்டில் நல்ல படம் எடுக்க முடியுமா? யாருடைய கதை பொருந்தும்?

தாராளமாக முடியும். ஆனால் இந்தக் கேள்வி வந்ததும் எல்லோரும் லண்டனில் பெண்களைக் கொன்ற ஜாக் த ரிப்பரிடம்தான் போய் நிற்கிறார்கள், பணம் கரைவதும் அங்கேதான். 1888 லண்டன் வொயிட்சேப்பல் என்றால் தெரு வேண்டும், குதிரை வண்டி வேண்டும், கூட்டம் வேண்டும், அத்தனை பேருக்கும் உடை தைக்க வேண்டும். செட் இல்லாததை மறைக்கப் புகை மெஷினைப் போடுவார்கள், பார்ப்பவருக்கு இரண்டாவது காட்சியிலேயே தெரிந்துவிடும். கொன்றவன் யாரென்றும் இன்றுவரை தெரியாது, கடைசியில் ஏதோ ஒரு ஊகத்தில்தான் கதையை முடிக்க வேண்டும்.

என் தேர்வு மேரி ஆன் காட்டன். இங்கிலாந்தின் வடகிழக்கில் டர்ஹம் பகுதி, நிலக்கரிச் சுரங்க ஊர்கள். 1832இல் பிறந்தவள், 1873 மார்ச்சில் தூக்கிலிடப்பட்டாள். தண்டனை ஒரே கொலைக்குத்தான், கணவனின் மூத்த தாரத்துப் பையன் சார்லஸ் எட்வர்டுக்கு ஆர்சனிக் என்ற விஷத்தைக் கொடுத்ததற்கு. அவனுக்கு ஏழு வயது. ஆனால் கணவர்கள், பெற்ற பிள்ளைகள் என்று இருபது பேர் வரைக்கும் கொன்றிருப்பாள் என்று சந்தேகம் உண்டு. ஜேம்ஸ் ராபின்சன் என்ற ஒரு கணவர் மட்டும் தப்பித்தார்: உன் பேரில் ஆயுள் இன்ஷூரன்ஸ் எடு எடு என்று அவள் நச்சரித்ததும், தனக்குத் தெரியாமல் கடன் வாங்கியதும் தெரிந்து வீட்டை விட்டே துரத்திவிட்டார்.

இதெல்லாம் நடந்தது வீட்டுக்குள். ஒரு அடுப்படி, ஒரு கட்டில், ஒரு டீ கெட்டில் போதும். பிள்ளை வாந்தியும் பேதியுமாகக் கிடக்கும், டாக்டர் வந்து வயிற்றுக் காய்ச்சல் என்று எழுதிவிட்டுப் போவார், அப்படிக் குழந்தைகள் சாவது அப்போது சாதாரணம் என்பதால் யாரும் கேள்வி கேட்கவில்லை. துக்கத்துக்குப் போடும் கறுப்பு உடையையே பாதிப் படத்துக்கு ஓட்டலாம், அது கதைக்கும் உண்மையானது.

உயிரான காட்சிக்கு இரண்டே நடிகர்கள். 1872, அவள் குடியிருந்த வெஸ்ட் ஆக்லண்ட் ஊர். தாமஸ் ரைலி என்ற ஊர் அதிகாரியிடம் பையனை ஏழைகள் விடுதியில் சேர்க்க முடியுமா என்று கேட்கிறாள், நீயும் கூட வர வேண்டும் என்கிறார் அவர். சரி, இவன் ரொம்ப நாள் தொந்தரவாக இருக்க மாட்டான், மற்ற காட்டன்கள் போன மாதிரி போய்விடுவான் என்கிறாள். சில நாளில் பையன் செத்துப்போனான். ரைலி போலீசுக்கும் டாக்டருக்கும் ஓடினார், அவள் போனது இன்ஷூரன்ஸ் ஆபீசுக்கு! இதற்கு இசையே தேவையில்லை.

அப்புறம் அந்தப் பச்சை வால்பேப்பர். அதன் சாயத்திலிருந்த ஆர்சனிக்தான் பையனைக் கொன்றது என்று அவள் வக்கீல் வாதாடினார். முதல் காட்சியிலேயே சுவரில் பச்சை வால்பேப்பரை ஒட்டி வையுங்கள், யாரும் அதைப் பற்றிப் பேச வேண்டாம், கோர்ட் காட்சியில் அது தானாக வேலை செய்யும்.

தூக்குக்கும் கூட்டம் தேவையில்லை, 1868இலேயே பிரிட்டனில் பொதுவெளித் தூக்கை நிறுத்திவிட்டார்கள், சிறைக்குள் நாலைந்து பேர் போதும்.

மிச்சமாகும் பணத்தை ஒரு நல்ல சிறுவன் நடிகனுக்கும் அவனோடு ஒத்திகை பார்க்கும் நாட்களுக்கும் செலவழியுங்கள். சார்லஸ் எட்வர்டைச் சாகப்போகும் பிள்ளையாக மட்டும் காட்டிவிட்டுப் போகாதீர்கள், அவனுக்குப் பேச்சு வேண்டும், விளையாட்டு வேண்டும், குறைந்தது முதல் பாதி முழுக்க அவன் இருக்க வேண்டும்.