நைந்த துண்டை என்ன செய்யலாம்?

அக்கா, வீட்டில் ஐந்தாறு தேங்காய்ப்பூ துண்டு நடுவில் நைந்துபோய்க் கிடக்கிறது. தூக்கிப்போட மனசு வரவில்லை, பீரோவில் இடமும் இல்லை. கரித்துணியாகக் கிழிப்பதைத் தவிர வேறு வழி உண்டா?
– வாசகி, செல்லூர்

தறிச் சத்தம் கேட்கிற ஊரில் இருந்துகொண்டு துண்டைத் தூக்கிப்போட எப்படி மனசு வரும்! ஆனால் உடனே கத்தரிக்கோலை எடுத்துவிடாதீர்கள். முதலில் துண்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக விரித்துப் பிடித்துப் பாருங்கள். நடுப்பகுதிதான் முதலில் தேய்ந்து, வெளிச்சம் புள்ளி புள்ளியாக வரும். இரண்டு முனைப் பக்கமும் பூ இன்னும் அடர்த்தியாக நிற்கும். இந்த இரண்டு பகுதிக்கும் ஒரே வேலையைக் கொடுப்பதால்தான் கரித்துணியும் சீக்கிரம் கிழிகிறது, துடைக்கிற துணியும் சரியாகத் துடைப்பதில்லை.

அடர்த்தியான முனைகளை உள்ளங்கையைவிடப் பெரிய சதுரமாக வெட்டி, இரண்டை ஒன்றாக வைத்து நாலு ஓரமும் மடித்துத் தைத்தால் அருமையான பிடிதுணி. ஓரம் தைக்காமல் விட்டால் வெட்டிய இடத்திலிருந்து பூ உதிர்ந்துகொண்டே இருக்கும், குழம்பில்கூட விழும், அதனால் கைத்தையலாவது போட்டுவிடுங்கள். பிடிதுணி எப்போதும் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்துணியால் சூடான சட்டியைப் பிடித்தால் சூடு சட்டென்று கைக்கு ஏறிவிடும், ஆவியும் சேர்ந்து சுடும். நூல் தொங்குகிற துணியை எரிகிற அடுப்புப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

மெலிந்த நடுப்பகுதி மின்விசிறி இறக்கை, பீரோ கண்ணாடி துடைக்க நல்லது. நன்றாக வெந்நீரில் அலசி வெயிலில் காயவைத்த துண்டாக இருந்தால், கழுவிய கொத்தமல்லியையும் கீரையையும் அதில் சுருட்டி ஈரத்தை ஒற்றி எடுக்கலாம். ஈரம் போன கொத்தமல்லி ஃப்ரிட்ஜில் கூடுதல் நாள் தாங்கும். நான்ஸ்டிக் தோசைக்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிற வீட்டில் நடுவே ஒரு துண்டுத்துணி வைத்தால் கீறல் விழாது. மிக்ஸிக்கு அடியில் நாலாக மடித்துப் போட்டால் சத்தமும் கொஞ்சம் குறையும், ஆனால் அடியில் காற்றுத் துளை இருக்கிற மிக்ஸியென்றால் வேண்டாம்.

பழைய துண்டை இட்லித் துணியாக வைத்துக்கொள்ளலாமா?
– வாசகர், திருமங்கலம்

தேங்காய்ப்பூ துண்டு கூடவே கூடாது. மாவு பூவுக்குள் இறங்கி ஒட்டிக்கொள்ளும், இட்லி பிய்ந்து வரும், என்ன துவைத்தாலும் உள்ளே மாவு தங்கிப் புளித்த வாடை அடிக்கும். சாயத் துண்டும் வேண்டாம், ஆவியில் சாயம் இறங்கும். பழைய வெள்ளை வேட்டிதான் அதற்குச் சரி. 

அக்கா, கோடையில் மண்பானைக்கு ஈரத் துண்டு சுற்றுகிறோம். அதற்கு நைந்த துண்டு போதுமா?
– வாசகி, மேலூர்

தாராளமாகப் போதும், ஆனால் பருத்தியாக இருக்கட்டும். பானையின் நுண்துளை வழியாகக் கசியும் நீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது, அதனால்தான் உள்ளே தண்ணீர் குளிர்கிறது. மானாமதுரைப் பானையானாலும் நாள்பட்டால் உப்பு படிந்து துளை அடைபடும், அப்போது ஈரத்துணி கைகொடுக்கும். பானையைக் காற்று வரும் ஜன்னலோரம், மணல் மேல் வையுங்கள். மூடிய அலமாரிக்குள் எத்தனை துண்டு சுற்றினாலும் பயனில்லை. துணியைத் தினமும் அவிழ்த்து அலசிக் கட்டுங்கள், இல்லாவிட்டால் வழுவழுப்பு பிடித்து நாற்றம் வரும்.

பருத்தியா பாலியஸ்டர் கலந்ததா என்று தெரியாவிட்டால் ஓரத்து நூல் ஒன்றை உருவி, இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். காகிதம் எரிகிற வாடையோடு சாம்பலானால் பருத்தி. உருகிக் கெட்டியான மணி மாதிரி ஆனால் பாலியஸ்டர் இருக்கிறது. பருத்தி என்றால் இன்னொரு லாபமும் உண்டு, கடைசியில் கந்தலானதும் சின்னதாகக் கிழித்து உரக்குழியில் போடலாம், மக்கிவிடும்.

துண்டை மடித்துக் குளியலறை வாசலில் போட்டிருந்தேன். டைல்ஸில் வழுக்கி என் மனைவி விழப் பார்த்தாள். என்ன செய்வது அம்மா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், உசிலம்பட்டி

ஐயா, அதை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். வெறும் துண்டு டைல்ஸில் நகரத்தான் செய்யும், வயதானவர்கள் இருக்கிற வீட்டில் அது ஆபத்து. அந்த இடத்துக்கு, அடியில் ரப்பர் பிடிப்புள்ள மிதியடியைக் கடையில் வாங்கிப் போடுங்கள், இதில் சிக்கனம் வேண்டாம். பழைய துண்டை மூன்று பட்டையாகக் கிழித்து, சடை பின்னி, வட்டமாகச் சுற்றித் தைத்தால் கனமான மிதியடி கிடைக்கும். அதைச் சிமெண்ட் தரையுள்ள கொல்லைப்புற வாசலில் போட்டுக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறையாவது வெயிலில் காயவையுங்கள், தடிமனாக இருப்பதால் உள்ளே ஈரம் நின்றுவிடும்.